டார்ச் லைட்டோடு சோதனை வாசலில்: எந்த வாசல் எதைத் தேடுகிறது?

ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரை மணிக்கு மேல் பனியன் கம்பெனியிலிருந்து வெளியே வருகிறவர்களின் பையில் என்னென்ன இருக்கும்? சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், பஸ்ஸுக்குச் சில்லறை. பலருடைய பையில் விரல் நீளத்துக்கு ஒரு டார்ச் லைட்டும் இருக்கும். மெயின் ரோட்டில் விளக்கு எரியும். லைன் வீட்டுக்குப் போகிற சந்தில் எரியாது. மழைத்தண்ணீர் மூடிய குழி, ஓரமாகச் சுருண்டு கிடக்கும் பாம்பு, திடீரென்று பாயும் நாய், இதற்கெல்லாம் அந்தச் சின்ன வெளிச்சம்தான் துணை.

"போன்லயே லைட் இருக்குதே, தனியா டார்ச் எதுக்குங்க?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஷிப்ட் முடியும் நேரத்தில் போனில் சார்ஜ் எவ்வளவு இருக்கும்? ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் விலையுயர்ந்த போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பது நல்லதா? எல்லாவற்றுக்கும் மேலாக, இன்றைக்குப் பல இடங்களில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். போன் போனால் அதிலுள்ள லைட்டும் கூடவே போகிறது.

அதனால் டார்ச் தேவைதான். சிக்கல் வேறிடத்தில் வருகிறது. அதே டார்ச்சோடு கோயில், கலெக்டர் ஆபீஸ், விளையாட்டு மைதானம், விமான நிலையம் என்று போகும்போது சோதனை வாசலில் நிறுத்துகிறார்கள். "இது என்ன? வெளிய எடுங்க" என்கிறார்கள். சில இடத்தில் விடுகிறார்கள், சில இடத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்? நாம் என்ன செய்ய வேண்டும்? இந்தப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

1. மெஷினுக்கு டார்ச் எப்படித் தெரிகிறது?

எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தையல் மெஷினில் ஊசி முறிந்தால் துண்டுகளையெல்லாம் தேடி எடுத்து ஒப்படைத்த பிறகுதான் புது ஊசி தருவார்கள். தைத்து முடித்த துணி, குறிப்பாகக் குழந்தைகள் துணி, நீடில் டிடெக்டர் வழியாகப் போகும். உள்ளே ஊசித்துண்டு இருந்தால் மெஷின் நின்றுவிடும். அந்தத் துண்டு யாரையும் குத்துமா, குத்தாதா என்று மெஷினுக்குத் தெரியாது. உலோகம் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

நீங்கள் நடந்து நுழைகிற கதவுச்சட்டம் போன்ற டிடெக்டரும் ஏறக்குறைய இப்படித்தான். அது தன்னைச் சுற்றி ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. உலோகம் அதற்குள் வந்தால் அந்தப் புலம் மாறுகிறது, உடனே சத்தம் வருகிறது. டார்ச்சின் அலுமினிய உடல், உள்ளே இருக்கிற ஸ்பிரிங், செல்லின் உலோக உறை எல்லாமே அதற்கு உலோகம்தான். பெல்ட் பக்கிளுக்குக் கத்துகிற மெஷின் டார்ச்சுக்கும் கத்தும். கத்தியது என்பதற்காக நீங்கள் தப்பு செய்தீர்கள் என்று அர்த்தமில்லை.

பையை உள்ளே விடுகிற எக்ஸ்ரே மெஷின் கதை வேறு. அதில் பொருளின் உருவம் தெரியும். ஆனால் டார்ச்சின் உருவம் என்ன? ஒரு உலோகக் குழாய், அதற்குள் பேட்டரி, ஒரு சர்க்யூட், ஒரு சுவிட்ச். திரையைப் பார்ப்பவருக்கு இந்த நான்கும் சேர்ந்து இருப்பது சந்தேகத்தைக் கொடுக்கத்தான் செய்யும். அதுவும் சார்ஜர் ஒயர், பவர் பேங்க், சாவிக்கொத்து எல்லாவற்றோடும் ஒரே அறைக்குள் திணித்து வைத்திருந்தால், ஒன்றின் மேல் ஒன்று படிந்து எதுவும் தெளிவாகத் தெரியாது. அப்போது அவர் பையைத் திறக்கச் சொல்வது கடமை.

ஆகவே முதல் பாடம் இது: டார்ச்சைப் பையின் அடியில் புதைக்காதீர்கள். தனியாக, சட்டென்று எடுக்கிற இடத்தில் வையுங்கள்.

2. ஒவ்வொரு வாசலும் ஒவ்வொன்றைத் தேடுகிறது

எல்லா இடத்துக்கும் ஒரே தடைப் பட்டியல் கிடையாது. ஒவ்வொரு வாசலுக்கும் அதன் சொந்த அனுபவம் இருக்கிறது. முன்பு நடந்த ஒரு துயரம்தான் இன்றைக்கு உங்கள் பையைத் திறக்கச் சொல்கிறது. அந்த வாசல் எதற்குப் பயப்படுகிறது என்று தெரிந்தால், உங்கள் டார்ச்சுக்கு என்ன ஆகும் என்று நீங்களே ஊகித்துவிடலாம்.

கலெக்டர் அலுவலகம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு மனு கொடுக்கப் போனால் வாசலில் போலீசார் பையையும் தண்ணீர் பாட்டிலையும் பார்ப்பார்கள். 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிப் பிரச்சினையில் ஒரு குடும்பமே தீயில் உயிரிழந்தது. அதற்குப் பிறகு மாநிலம் முழுக்க ஆட்சியர் அலுவலகங்களில் சோதனை கடுமையானது. இங்கே தேடுவது மண்ணெண்ணெய், பெட்ரோல், தீப்பெட்டி. சாதாரண டார்ச்சைக் காட்டினால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். லைட்டர் சேர்ந்த டார்ச் என்றால் நிச்சயம் நிறுத்துவார்கள்.

ரயில் நிலையம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். பெட்டிக்குள் கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டர்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. கேஸ், பெட்ரோல், பட்டாசு போன்ற ஆபத்தான பொருளை ரயிலில் கொண்டுபோனால் 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். டார்ச் இந்த வகையில் வராது. இரவு ரயிலில் பெர்த் தேடவும், கீழே விழுந்த செருப்பைத் தேடவும் அது நல்ல துணை. தூங்குகிறவர் முகத்தில் மட்டும் அடிக்காதீர்கள்.

விளையாட்டு மைதானம். 2025-ல் டிஎன்பிஎல் கோப்பையைத் திருப்பூர் தமிழன்ஸ் அணி வென்ற பிறகு, நம்ம ஊர்க்காரர்கள் வேன் பிடித்து மேட்ச் பார்க்கப் போவது சகஜம். மைதானத்தில் பயம் இரண்டு. ஒன்று, ஆடுகளத்துக்குள் எறியக்கூடிய கனமான பொருள். இரண்டு, ஆட்டக்காரர் கண்ணில் அடிக்கக்கூடிய வெளிச்சம், குறிப்பாக லேசர். டார்ச் இரண்டு பயத்துக்கும் பொருந்துகிறது. பவர் பேங்கையே பல மைதானங்களில் விடுவதில்லை. டிக்கெட்டில் அல்லது டிக்கெட் எடுத்த ஆப்பில் தடைப் பட்டியல் இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். டார்ச்சை வேனிலேயே வைத்துவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம்.

தேர்வு அறை. இங்கே பயம் காப்பி அடிப்பது. மின்னணுப் பொருள் எதுவாக இருந்தாலும் சந்தேகம்தான். டார்ச்சை வெளியே விட்டுச் செல்லுங்கள். விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் உங்கள் நேரம்தான் போகும்.

மால், சினிமா தியேட்டர், மெட்ரோ. ஆயுதம், வெடிபொருள், தீப்பற்றும் பொருள் ஆகியவற்றைத்தான் பார்ப்பார்கள். 1998 பிப்ரவரி 14 கோவைத் தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்ததை நம்ம பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை. கூட்டம் கூடும் இடத்தில் பையைத் திறக்கச் சொன்னால் கோபப்பட வேண்டாம். சாதாரண டார்ச்சைக் காட்டி விளக்கிவிட்டால் பொதுவாகப் போதும்.

3. பழனி பாதயாத்திரை: டார்ச் நிஜமாகவே தேவைப்படும் இடம்

தைப்பூசம் வந்துவிட்டால் திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கயம், தாராபுரம் பக்கத்திலிருந்து கூட்டம் கூட்டமாகப் பழனிக்கு நடக்கிறார்கள். வெயிலுக்குப் பயந்து இரவிலும் விடியற்காலையிலும்தான் நடை அதிகம். தை மாதப் பனியில் எதிரே வரும் லாரி ஓட்டுநருக்கு நாம் இருப்பதே தெரியாது. இங்கே டார்ச் என்பது வழி பார்க்க மட்டுமல்ல, நம்மைப் பிறருக்குக் காட்டவும்தான்.

நடக்கும்போது எதிரே வாகனம் வருகிற பக்கமாக, அதாவது சாலையின் வலது ஓரமாக நடங்கள். குழுவில் முன்னே போகிறவர் ஒரு டார்ச், கடைசியில் வருகிறவர் ஒரு டார்ச் வைத்திருக்கட்டும். வெளிச்சம் தரையைப் பார்த்து இருக்கட்டும். ஓட்டுநர் கண்ணில் அடித்தால் அவர் ஒரு நொடி எதையும் பார்க்க முடியாது. நமக்குத்தான் ஆபத்து. பையின் பின்புறம் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டால் இன்னும் நல்லது.

இனி மலைக்கோயில் வாசலுக்கு வருவோம். பழனி தண்டாயுதபாணி சுவாமி கோயிலில் 2023 அக்டோபர் 1 முதல் செல்போனுக்கும் கேமராவுக்கும் தடை இருக்கிறது. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் 2018-லேயே போன் தடை வந்துவிட்டது. திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில் 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்களில் போனுக்குத் தடை விதிக்கச் சொன்னது. எனவே பழனி அடிவாரத்திலேயே போனைப் பாதுகாப்பு மையத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தத் தடை போனையும் கேமராவையும் பற்றியது. டார்ச்சைப் பற்றியது அல்ல. ஆனால் கேமரா வைத்த டார்ச் என்றால் அது கேமராவாகத்தான் கணக்கு. வெறும் டார்ச்சைக் கையில் எடுத்துக் காட்டுங்கள். வாசலில் இருப்பவர் வேண்டாமென்றால், போனோடு சேர்த்து அதையும் கொடுத்துவிடுங்கள், அல்லது அடிவாரத்தில் காத்திருக்கும் உங்கள் குழுக்காரரிடம் விடுங்கள்.

இன்னொரு விஷயம். போனைக் கொடுத்த பிறகு உங்களோடு வந்தவரைக் கூப்பிட வழியில்லை. மேலே போகும் முன்பே "இறங்கின பிறகு இந்த இடத்துல நிக்கலாம்" என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர், குழந்தைகள் பையில் ஒரு தாளில் வீட்டுப் போன் நம்பரை எழுதி வையுங்கள். ரசீதைப் போனுக்குள் படமாக எடுத்து வைத்து ஒரு பயனும் இல்லை, போனே அங்கேதான் இருக்கும்!

4. விமான நிலையம்: இங்கே கணக்கும் தெரிய வேண்டும்

திருப்பூர்க்காரர்களுக்குப் பக்கத்து விமான நிலையம் கோவை. பையரைப் பார்க்கப் போகிறவர்கள், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள், சொந்த ஊருக்குத் திரும்பும் வடமாநிலத் தொழிலாளர்கள் என்று இப்போது எல்லோரும் பறக்கிறார்கள். 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டது. அதன் பிறகு 2000-லிருந்து நாட்டின் விமான நிலையங்களின் பாதுகாப்பு ஒவ்வொன்றாக மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் கைக்குப் போனது. அங்கே சோதனை கண்டிப்பாகத்தான் இருக்கும்.

விமானத்தில் டார்ச்சைவிட அதற்குள் இருக்கும் பேட்டரிக்குத்தான் பயம் அதிகம். சார்ஜ் செய்கிற டார்ச்சில் இருப்பது பெரும்பாலும் லித்தியம் செல். அது அடிபட்டாலோ, இரு முனையும் ஒன்றோடொன்று தொடர்பானாலோ சூடாகித் தீப்பிடிக்கும். அந்தத் தீ லேசில் அடங்காது. 2025 ஜனவரியில் தென்கொரியாவில் ஏர் பூசான் விமானம் ஒன்று தரையில் நிற்கும்போதே எரிந்தது. பவர் பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்று சொல்லப்பட்டது. பயணிகள் அறைக்குள் புகை வந்தால் யாராவது பார்ப்பார்கள், பணியாளர்கள் வந்து அணைப்பார்கள். கீழே சரக்கு அறையில் பற்றினால் கண்ணில் படவே நேரமாகும். அதனால்தான் தனியாக வைத்திருக்கும் லித்தியம் செல்லும் பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும். செக்-இன் பெட்டியில் போடக்கூடாது.

எவ்வளவு பெரிய பேட்டரி வரை அனுமதி? அளவு 100 வாட்-அவர். 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்திடம் முன்பே அனுமதி வாங்க வேண்டும். 160-க்கு மேல் பயணிகள் கொண்டுபோக முடியாது. பேட்டரியில் வாட்-அவர் எழுதவில்லை என்றால் நீங்களே கணக்குப் போடலாம்:

எம்ஏஎச் × வோல்ட் ÷ 1000 = வாட்-அவர்

உதாரணம் பாருங்க.

• டார்ச்சில் போடும் 18650 செல், 2,600 எம்ஏஎச், 3.7 வோல்ட்: 9.6 வாட்-அவர். தாராளமாகப் போகலாம்.
• 20,000 எம்ஏஎச் பவர் பேங்க்: 74 வாட்-அவர். போகலாம்.
• 30,000 எம்ஏஎச் பவர் பேங்க்: 111 வாட்-அவர். முன் அனுமதி தேவை.

அளவு தெரிந்தால் மட்டும் போதாது. எழுத்து அழிந்த பேட்டரியை நிறுத்தி வைக்க அதிகாரிகளுக்கு வாய்ப்பு அதிகம். எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று கிளம்பும் முன்பு பாருங்கள்.

பென்சில் செல் போடுகிற சாதாரண டார்ச் என்றால் வேறு யோசனை. அதில் லித்தியம் இல்லை. செக்-இன் பெட்டி இருந்தால் செல்லைக் கழற்றி, டார்ச்சையும் செல்லையும் அதிலேயே வைத்துவிடுங்கள். கைப்பையில் உதிரி பென்சில் செல்களை வெளியே எடுத்துப் போடச் சொன்ன அனுபவம் பலருக்கு உண்டு. சுருக்கமாகச் சொன்னால், பென்சில் செல் பெட்டிக்குள், லித்தியம் செல் கைப்பைக்குள். இந்த ஒரு வரியை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ஸ்கேன் செய்யும் இடத்தில் போன், பவர் பேங்க்கோடு டார்ச்சையும் ட்ரேயில் தனியாக வையுங்கள். டிஜி யாத்ரா ஆப் இருந்தால் நுழைவு வாசலில் வரிசை குறையும். பாதுகாப்புச் சோதனை அதனால் குறையாது.

5. எந்த டார்ச்சை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது?

பாதி பிரச்சினை கடையிலேயே தொடங்குகிறது. கீழ்க்கண்டவை உங்களைச் சோதனை வாசலில் நிறுத்தும்.

• ஷாக் அடிக்கும் டார்ச். தற்காப்புக்கு என்று ஆன்லைனில் விற்கிறார்கள். இது டார்ச் அல்ல, ஆயுதம் போன்றது. விமானத்தில் கைப்பையிலும் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது. மற்ற வாசல்களிலும் விசாரணை வரும்.
• கத்தி, லைட்டர் சேர்ந்த டார்ச். டார்ச்சாக இருந்தாலும் அந்தக் கத்திக்கும் லைட்டருக்கும் உரிய தடை பொருந்தும்.
• முன்பக்கம் பல் பல்லாகக் கூர்மையாக இருக்கும் டார்ச். கண்ணாடி உடைக்க என்று விற்பார்கள். பார்த்ததும் சந்தேகம் வரும்.
• லேசர் சேர்ந்த டார்ச். விமானம் இறங்கும் பாதையில் லேசர் அடித்தால் விமானி கண் கூசும். அது குற்றம்.
• அளவுக்கு மீறிப் பெரியது. தடி மாதிரி நீளமாக இருந்தால் தடியாகத்தான் பார்ப்பார்கள்.

பேனா அளவில், உள்ளங்கைக்குள் அடங்குகிற எளிய எல்இடி டார்ச் போதும். சந்துக்கும் படிக்கட்டுக்கும் அதன் வெளிச்சம் தாராளம்.

ஒரு எச்சரிக்கை. 18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்று அர்த்தம். இந்த அளவு செல்லுக்குள் 9,900 எம்ஏஎச் அடக்க முடியாது. நல்ல செல்லே 3,500 சுமாருக்குத்தான் வரும். லேபிளில் 9,900 என்று போட்டிருந்தால் அது பொய். அளவில் பொய் சொல்கிறவர் தரத்திலும் பொய் சொல்வார். சார்ஜ் செய்யும் செல்லில் பிஐஎஸ் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

செக்கிங், துணி ஸ்டோரில் வேலை பார்க்கிறவர்கள் வைத்திருக்கும் யூவி டார்ச்சையும் சொல்ல வேண்டும். ஊதா வெளிச்சம் வருவதைப் பார்த்தால் வாசலில் நிற்பவருக்குப் புரியாது. "துணியில வெள்ளை ஒரே மாதிரி இருக்குதான்னு பாக்குறதுங்க" என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் அதைக் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

6. வாசலில் எப்படி நடந்துகொள்வது?

அவர் கேட்கும் முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஒளித்து வைத்ததாக நினைத்துவிட்டால் பிறகு என்ன விளக்கினாலும் நேரமாகும்.

"பையில ஒரு டார்ச் லைட் இருக்குதுங்கண்ணா, எடுத்துக் காட்டட்டுங்களா?"

இந்த ஒரு வாக்கியம் போதும். அவர் சரி என்ற பிறகு மெதுவாக எடுங்கள். உங்கள் உள்ளங்கையில் அல்லது தரையில் அடித்துக் காட்டுங்கள். அவர் முகத்தை நோக்கி வேண்டாம். செல்லைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். விளையாட்டுக்காகக்கூட "பாம்" என்ற சொல்லை எடுக்காதீர்கள். அப்படிப் பேசி விமானத்தைத் தவறவிட்டு, போலீஸ் விசாரணைக்கும் போனவர்கள் உண்டு.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. காவல்துறை ஒரு பெண்ணை உடல் சோதனை செய்ய வேண்டுமென்றால் இன்னொரு பெண்தான், கண்ணியத்தோடு செய்ய வேண்டும் என்பது சட்டம். விமான நிலையத்தில் திரைக்குள் பெண் காவலரே சோதனை செய்வார். வேறு எந்த வாசலிலும் "லேடி செக்யூரிட்டியைக் கூப்பிடுங்க" என்று கேட்கத் தயங்காதீர்கள். கேட்பது தகராறு அல்ல.

7. "இதை விட முடியாது" என்றால்?

முதலில் "எங்க வெச்சுட்டுப் போலாமுங்க?" என்று கேளுங்கள். பொருள் வைக்கும் கவுன்டர் இருந்தால் ரசீது வாங்குங்கள். இல்லாவிட்டால் வண்டியில் அல்லது கூட வந்தவரிடம் விடுங்கள். வாசல் ஓரச் செடிக்குள் ஒளித்து வைக்காதீர்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் உலோகக் குழாயும் பேட்டரியும் யாரையாவது பயமுறுத்தும்.

விமான நிலையத்தில் நேரமிருந்தால் செக்-இன் கவுன்டருக்குத் திரும்பலாம். நேரமில்லை என்றால் விட்டுவிடத்தான் வேண்டும். திரும்பக் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். அதனால்தான் வீட்டிலேயே யோசித்துக் கிளம்பச் சொல்கிறோம். போவது சில நூறு ரூபாய் டார்ச்தான். ஆனால் அன்று இரவு திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை இருட்டில் நடக்க வேண்டியது நீங்கள்.

நடத்தை சரியில்லை, பொருள் காணோம் என்றால் அங்கேயே சத்தம் போட்டுப் பயனில்லை. இடம், நேரம், எந்த வாசல் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையம் என்றால் 139 அல்லது ரயில் மதத் ஆப். விமான நிலையம் என்றால் ஏர்சேவா ஆப். மாநில அரசு அலுவலகம் என்றால் முதல்வர் உதவி எண் 1100. அவசர ஆபத்துக்கு 112, அல்லது தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' ஆப். பெண்களுக்கு 181. இவற்றை இப்போதே போனில் சேமித்து வையுங்கள்.

8. பைக்குள்ளும் பத்திரம் வேண்டும்

உதிரி செல்லைச் சில்லறைக் காசோடும் சாவியோடும் போடாதீர்கள். இரு முனையிலும் காசு பட்டால் ஷார்ட் ஆகிவிடும். சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள், அல்லது முனையில் டேப் ஒட்டுங்கள். சக்தி வாய்ந்த டார்ச் பைக்குள் தானாக எரிந்தால் துணியைக் கருக்கும் அளவுக்குச் சூடாகும். பஞ்சும் துணியும் நிறைந்த இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. திருகும் மூடி உள்ள டார்ச் என்றால் மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைத்தால் பல டார்ச்களில் தொடர்பு அறுந்துவிடும். மற்றவற்றில் செல்லைக் கழற்றி வையுங்கள்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

1. சென்னைக்கு விமானத்தில் போகிறீர்கள். உதிரியாக இரண்டு லித்தியம் செல் வைத்திருக்கிறீர்கள். எதில் வைப்பீர்கள்?
2. பவர் பேங்கில் 10,000 எம்ஏஎச், 3.7 வோல்ட் என்று இருக்கிறது. முன் அனுமதி வேண்டுமா?
3. பழனியில் போனைக் கொடுத்துவிட்டீர்கள். ரசீதை எங்கே வைக்க வேண்டும்?
4. மேட்ச் பார்க்கப் போகும்போது டார்ச்சை என்ன செய்வீர்கள்?

விடைகள்: 1. கைப்பையில், முனைகளை மூடி. 2. வேண்டாம், 37 வாட்-அவர்தான். 3. கையில் அல்லது சட்டைப் பையில், தாளாகவே. 4. தடைப் பட்டியலைப் பார்த்துவிட்டு வண்டியிலேயே விட்டுச் செல்ல வேண்டும்.

நான்கும் சரியாகச் சொன்னீர்களா? அப்படியானால் இன்று இரவே உங்கள் பையைத் திறந்து பாருங்கள். டார்ச் எங்கே இருக்கிறது, செல்லில் எழுத்து தெரிகிறதா, காசோடு கலந்து கிடக்கிறதா என்று பார்த்து ஒழுங்கு செய்யுங்கள். உங்கள் லைனில் பக்கத்து மெஷினில் உட்காரும் வடமாநிலத் தோழருக்கும் சொல்லுங்கள். அடுத்த மாதம் ஊருக்குப் போகும்போது அவருக்கும் இதே வாசல்தான், அவர் ஊரிலும் இதே இருட்டுத்தான்.